வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

அம்மா, ஞாயிற்றுக்கிழமை நீங்களும் மகளும் உங்கள் அண்ணனும் தண்டையார்பேட்டையில் என் அறைக்கு வந்திருந்தபோது, முக்கால்வாசி நேரம் அண்ணன்தான் பேசினார். நீட் இரண்டு தடவை எழுதியாயிற்று, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் இடம் கிடைக்கவில்லை, கொருக்குப்பேட்டை வீட்டை அடமானம் வைத்தாவது ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடலாம் என்றார். நான் "கவலைப்படாதீங்கம்மா, பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படி மழுப்பியது என் தப்பு. வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

கணக்கு இதுதான். சென்னையைச் சுற்றியுள்ள பல நிகர்நிலைக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல். விடுதியும் சேர்த்தால் படிப்பு முடிவதற்குள் ஒரு கோடியைத் தொட்டுவிடும். துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிற உங்கள் வீட்டுக்காரர் எத்தனை நடை அடித்தால் அதற்கு வட்டி கட்ட முடியும்? அண்ணன் கட்டப்போவதில்லை. யோசனை மட்டும்தான் அவருடையது.

அன்றைக்கு உங்கள் மகள் வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவை. தாத்தாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது, அங்கே ரத்தம் ஏறுவதற்கு ஓர் ஊசி போடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, "அந்த ஊசி ரத்த அணுவை உண்டாக்குதா சார், இல்ல சாகாம தடுக்குதா?" என்று கேட்டாள். அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விஞ்ஞானிகளே ஆய்வு செய்து 1990 வாக்கில்தான் அதற்குத் தெளிவான பதில் கண்டார்கள்.

பதில் இரண்டாவதுதான். எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களைச் செய்கிறது. அவற்றின் இளம் செல்கள் எல்லாம் பிழைப்பதில்லை. சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் கிடைத்தவை வளர்கின்றன, கிடைக்காதவை தாமாகவே செத்துப்போகின்றன. சிறுநீரகம் கெட்டால் சுரப்பு குறைகிறது, சாவு கூடுகிறது, ரத்தம் இறங்குகிறது. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்கும் ஊசி அந்தச் சாவைத்தான் தடுக்கிறது.

செல் சாவதும் பிழைப்பதும் சில புரதங்களின் கையில் இருக்கிறது. பாக்ஸ், பேக் என்று இரண்டு புரதங்கள், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் மேலுறையில் ஓட்டை போடும். உள்ளே இருக்கும் சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியே கசியும். அதற்கப்புறம் காஸ்பேஸ் என்ற நொதிகள் செல்லைத் துண்டு துண்டாக்கிவிடும். பிசிஎல்-2 குடும்பத்துப் புரதங்கள் சில, ஓட்டை போட விடாமல் பிடித்து வைக்கின்றன. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: கேட் திறக்காவிட்டால் வண்டிகள் தேங்கும். சாக வேண்டிய வெள்ளணுக்கள் அப்படித் தேங்கினால் புற்றுநோய்.

பிசிஎல்-2 செல்லைப் பெருக்குவதில்லை, சாகவிடாமல் காக்கிறது என்று 1988இல் மெல்போர்னில் மூன்று பேர் காட்டினார்கள். அதில் ஒருவரான சுசான் கோரி டாக்டருக்குப் படித்தவர் அல்ல, உயிர்வேதியியல் படித்தவர். (இன்னொருவர் டாக்டர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.) அந்தப் புரதத்தை அடக்கும் வெனிடோகிளாக்ஸ் என்ற ரத்தப் புற்றுநோய் மாத்திரைக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சரி, இதை எங்கே படிப்பது? பிராட்வேயில், பாரதி மகளிர் கல்லூரியில், பி.எஸ்சி. விலங்கியல். அரசுக் கல்லூரி, கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். "தவளை அறுக்கிற படிப்பா?" என்றார் அண்ணன். தவளை அறுப்பதைக் கல்லூரிகள் நிறுத்தி வருஷக்கணக்காகிறது. பளபளப்பான பெயருக்காகத் தனியார் கல்லூரியில் லட்சம் கட்டி பயோடெக்னாலஜி சேர்க்கவும் வேண்டாம். நானும் விலங்கியல் படித்தவன்தான், அதனால் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கலாம். ஆனால் கட்டண ரசீது பொய் சொல்லாது.

மூன்றாம் ஆண்டில் ஜாம் தேர்வு எழுதட்டும். நல்ல ரேங்க் வாங்கினால் ஐஐடிகளில் எம்.எஸ்சி. கிடைக்கும். இல்லாவிட்டால் தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. பிறகு சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற உதவித்தொகைக்குத் தேறிவிட்டால் ஆராய்ச்சிப் படிப்புக்கு அரசே மாதம் 37,000 ரூபாய் தருகிறது, இரண்டு ஆண்டு கழித்து 42,000.

அங்கே அவள் கை என்ன வேலை செய்யும் என்றும் சொல்கிறேன். செல் சாகத் தொடங்கும்போது, அதன் உறையில் உள்பக்கம் இருக்கும் ஒரு கொழுப்பு வெளிப்பக்கம் புரண்டு வரும். அனெக்சின் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும். அனெக்சினில் ஒளிரும் சாயத்தைக் கட்டி, செல்களை ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஒவ்வொன்றாக லேசருக்கு முன்னால் ஓடவிட்டால், எத்தனை செல் சாகிறது என்று திரையில் புள்ளிகளாக விழும். ரத்தப் புற்றுநோயின் வகையைக் கண்டுபிடிக்கப் பெரிய பரிசோதனைக் கூடங்களிலும் இதே கருவிதான். ஆராய்ச்சி ஒத்துவராவிட்டாலும் அந்தக் கைப்பழக்கத்துக்கு வேலை உண்டு.

கஷ்டமும் இருக்கிறது. பிஎச்.டி. என்கிற ஆராய்ச்சிப் பட்டம் கைக்கு வர ஏறக்குறைய பத்து வருஷம் ஆகும். நடுவில் கல்யாணப் பேச்சு வரும், அதற்கு நீங்கள்தான் குறுக்கே நிற்க வேண்டும். தமிழ் வழியில் படித்தவள், முதல் வருஷம் ஆங்கிலப் புத்தகம் மிரட்டும். தினமும் ஒரு பக்கம் அகராதியோடு படிக்கச் சொல்லுங்கள். புள்ளியியலையும் விட வேண்டாம்.

மூன்றாவது தடவை நீட் எழுதுவது அவள் இஷ்டம். ஆனால் "உனக்கு எழுத ஆசையா?" என்று இதுவரை யாரும் அவளிடம் கேட்டதாகத் தெரியவில்லை. அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்து நீங்கள் கேளுங்கள். வேண்டாம் என்றால், மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு அவளை மட்டும் அனுப்புங்கள். கல்லூரி விண்ணப்பத்தை இங்கேயே உட்கார்ந்து போட்டுவிடலாம்.