ஈஸ்ட்டும் பூசணமும் ஒண்ணா?

கேள்வி: ஈஸ்ட், பூசணம் ரெண்டுமே பூஞ்சைதான்னு சொல்றாங்களே, அப்புறம் ஏன் ஒண்ணைப் போட்டு பிரெட் பண்றோம், இன்னொண்ணு வந்தா அதே பிரெட்டைத் தூக்கிப் போடுறோம்?

பதில்: நல்லா மடக்குறீங்க! ரெண்டும் பூஞ்சை இனம்தான், ஆனா உடம்பு அமைப்பே வேற. ஈஸ்ட் ஒத்தை செல், உடம்புல சின்னதா ஒரு மொட்டு விட்டு அது பிரிஞ்சு தனி செல்லாயிடும், சூடும் சர்க்கரையும் தோதா இருந்தா ஒன்றரை மணி நேரத்துல ஒண்ணு ரெண்டாயிடும். காத்து இல்லாட்டியும் சமாளிச்சுக்கும், சர்க்கரையைத் தின்னுட்டு ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் விடும், அந்த வாயுதான் மாவை உப்ப வைக்குது.

பூசணம் அப்படியில்ல, பல செல் சேர்ந்த நூல் நூலா கிளை விட்டுப் படரும், காத்து வேணும். பிரெட் மேல முதல்ல வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்து அப்புறம் பச்சையோ கறுப்போ ஆகுதில்ல, அந்தக் கலர் பெரும்பாலும் வித்துகளோடது, லேசா ஊதினாலே பறக்கும் (மூக்குகிட்ட வச்சு மோந்து பாக்காதீங்க). பச்சையா இருக்கிற இடத்தை மட்டும் கிள்ளிப் போட்டுட்டு மீதியைச் சாப்பிடுறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், நூல் கண்ணுக்குத் தெரியாம உள்ள ஓடியிருக்கும், சிலது விடுற நச்சு சூடு பண்ணாலும் சுலபத்துல போகாது.

அதுக்காகப் பூசணத்தை ஒரேயடியா திட்டவும் முடியாது, 1928-ல ஃப்ளெமிங்ங்கிற விஞ்ஞானி கிருமியைக் கொல்லுற பெனிசிலின் மருந்தைக் கண்டுபிடிச்சது ஒரு பூசணத்துலதான். இன்னொரு வேடிக்கை, சில பூஞ்சைங்க மண்ணுல பூசணமாவும் 37 டிகிரி மனுஷ உடம்புக்குள்ள ஈஸ்ட்டாவும் மாறிக்கும்!