சிவப்பு முகிலும் வெட்டு மெசினும்

(வானிலை பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் கிளிநொச்சியிலிருந்து ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: ஐயா, தை மாதம் அரிவு வெட்டுக்கு ஆயத்தமாக நின்றோம். போனில் செய்மதிப் படத்தைப் பார்த்தால் ஊருக்கு மேலேயே கடுஞ்சிவப்பு. வெட்டு மெசினைத் திருப்பி அனுப்பிவிட்டோம். பிறகு ஒரு துளியும் விழவில்லை. இந்தப் படங்களை நம்பலாமா?
– வாசகர், முள்ளியவளை

பதில்: நம்பலாம் தம்பி. ஆனால் படம் எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டு நம்பவேண்டும்.

நீங்கள் பார்த்தது அகச்சிவப்புப் படம். முகிலின் உச்சி எவ்வளவு குளிர் என்பதைத்தான் அதில் செய்மதி அளக்கிறது. சிவப்பு, மஞ்சள் எல்லாம் பிறகு கணினியில் பூசிய நிறம். இணையத்தளத்துக்கு இணையத்தளம் மாறும். மேலே போகப் போக கிலோமீற்றருக்குச் சுமார் 6.5 பாகை வீதம் குளிர்ந்துகொண்டு போகும். ஆகவே கடுங்குளிர் என்றால் முகில் உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். வங்காள விரிகுடாவில் ஒரு இடிமுகில் 14, 15 கிலோமீற்றருக்கு எழும்பினால், அதன் உச்சியை மேல்காற்று இழுத்துப் பரப்பிவிடும். அந்த மெல்லிய படலமும் படத்தில் சிவப்புத்தான். கீழே களத்தில் நெல் காய்ந்துகொண்டிருக்கும்.

பகல் வேளை என்றால், வெயில் வெளிச்சத்தில் எடுத்த சாதாரணப் படத்தையும் திறந்து பாருங்கள். மழை முகில் பூக்கோவா மாதிரி மொத்துமொத்தாக, ஒரு பக்கம் நிழல் விழுந்து தெரியும். முகிலுக்கூடாக யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் கரை தெரிகிறதா? அப்படியானால் மெசினைக் கூப்பிடலாம். இரவில் இந்த வசதி இல்லை. 2020 மார்கழி 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது அகச்சிவப்புப் படம்தான் துணை.

இன்னொரு விசயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் பார்த்தது எந்தச் செய்மதியின் படம்? ஜப்பானின் ஹிமவாரி நியூகினியாவுக்கு வடக்கே, மத்தியகோட்டுக்கு மேல் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. அங்கிருந்து இலங்கையைச் சரிவாகத்தான் பார்க்கமுடியும். அதனால் 15 கிலோமீற்றர் உயர முகில், படத்தில் 30 கிலோமீற்றருக்கும் கூடுதலாக மேற்கே தள்ளித் தெரியும். முல்லைத்தீவுக் கடலில் கொட்டும் மழை ஒட்டுசுட்டானில் கொட்டுவதுபோல் இருக்கும். உங்கள் சிவப்பு அப்படிக் கடலில் நின்றதாகவும் இருக்கலாம். இந்தியாவின் இன்சாட் வரிசைச் செய்மதிகள் நமது நெட்டாங்குக்குக் கிட்ட நிற்பதால் அவற்றின் படத்தில் இந்த இடப்பெயர்வு மிகக் குறைவு. வன்னிக்கு நான் பார்ப்பது அதைத்தான்.

அப்புறம் நேரம். படத்தின் மூலையில் 0600 என்று இருந்தால் அது கிறீன்விச் நேரம். நமக்குக் காலை 11.30. காலை ஆறு மணிப் படம் என்று நினைத்து முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி: சமுத்திரப் படங்களில் கடல் வெறுமையாகக் கிடக்க, தீவுகளுக்கு மேல் மட்டும் பகலில் வெள்ளைப் பொட்டுகள் இருக்கின்றன. ஏன், சேர்?
– உயர்தர மாணவி, வவுனியா

பதில்: நல்லாய்க் கவனித்திருக்கிறீர் பிள்ளை. வெயிலில் தரை கடலைவிடக் கெதியாகச் சூடேறும். சூடான காற்று மேலெழ, நாலா பக்கமிருந்தும் கடற்காற்று உள்ளே வந்து நடுத்தீவில் முட்டி, அதுவும் மேலே போகும். அங்கேதான் முகில் கட்டும். அவுஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு வடக்கே உள்ள திவி தீவுகளில் புரட்டாதி முதல் பங்குனி வரை பெரும்பாலான பின்னேரங்களில் ஒரே இடத்தில் இடிமுகில் எழும்பும். 20 கிலோமீற்றர் வரைகூடப் போகும். இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகள் அதற்கு ஹெக்டர் என்று பெயரே வைத்துவிட்டார்கள்! மாலைதீவுத் தீவுகள் மிகச் சிறியவை, தாழ்ந்தவை. சூடேறத் தரை போதாது. அதனால் அங்கே இப்படிப் பெரிய முகில் கட்டுவது கடினம்.

நம் தீவிலும் இதே கதைதான். சித்திரையில் ஒரு நாள் காலை தொடங்கிப் படங்களை வரிசையாக ஓடவிட்டுப் பாரும். காலையில் வெறுந்தரை, மத்தியானம் பொட்டுகள், பின்னேரம் அவை ஒன்றாகி இடி. இரவில் தரை குளிர, முகில் கலைந்துபோகும். அசையாமல் நிற்கும் முகிலைப் பார்த்துத் தீவைக் கண்டுபிடித்தவர்கள் பசிபிக் மாலுமிகள். செய்மதி வருவதற்கு எத்தனையோ காலம் முந்தி.

கேள்வி: ஆடியில் படத்தில் இரத்தினபுரிப் பக்கம் ஒரே வெள்ளை. எங்களுக்குச் சோளகமும் புழுதியும்தான். ஏன்?
– வாசகர், மாங்குளம்

பதில்: சோளகம் என்பது தென்மேற்குக் காற்று. இரத்தினபுரிப் பக்கம் மலை அதைத் தூக்கிவிட, அது குளிர்ந்து முகிலாகிறது. வன்னியில் அதே காற்றுக்கு முட்ட ஒன்றும் இல்லை. சின்னச் சின்ன முகில்களாகக் கடந்து போய்விடும். மாரி தொடங்கிய பிறகு, ஐப்பசியிலிருந்து, படத்தின் கிழக்குப் பக்கத்தைப் பாருங்கள். நமக்கு மழை வங்காள விரிகுடாவிலிருந்துதான் வரவேண்டும்.