சிவப்புப் பேனாவை முதல்ல பரண்ல போடுங்க

கேள்வி: என் எட்டு வயசு மகளுக்கு இயற்கை டைரி எழுதற பழக்கம் வரட்டும்னு நல்ல நோட்டு, கலர் பென்சில் எல்லாம் வாங்கிக் குடுத்தேன். தினம் ஒரு பக்கம்னு சொல்லி, தப்பு இருந்தா திருத்தியும் குடுத்தேன். நாலே நாள், 'எனக்கு வரைய வரல'ன்னு மூடி வச்சுட்டா. எங்களது ஃப்ளாட், தோட்டமும் கிடையாது. என்ன பண்ணலாம்?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: ஸ்கூல்ல குடுக்கற ஹோம்வொர்க் பத்தாதாம்மா, நீங்க வேற திருத்தணுமா? நானும் இதே வேலையைப் பண்ணவதான். என் பையன் ஒத்தக்கால் காக்கா வரைஞ்சான், 'காக்காவுக்கு ரெண்டு கால்டா'ன்னு நான் இன்னொண்ணு போட்டுக் குடுத்தேன், அவன் ஒண்ணும் பேசாம ஜன்னலைக் காட்டினான், அங்க அது ஒரு காலை வயித்துக்குள்ள மடக்கிட்டு ஒத்தக்கால்லதான் நின்னுட்டிருந்துச்சு.

தோட்டம் இல்லாட்டி போகுது. இயற்கை பத்தி எழுதின மா. கிருஷ்ணன் 1950லேர்ந்து 1996ல சாகற வரைக்கும் ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகைல எழுதினாரே, யானையை மட்டுமா எழுதினாரு, காக்கா அணிலையும்தான்.

பால்கனில தொட்டியில ஒரு கறிவேப்பிலை இருந்தா போதும். கொழுந்து இலையில கடுகை விடச் சின்னதா வெளிர்மஞ்சள் உருண்டை தெரியுதான்னு பாக்கச் சொல்லுங்க, அது வண்ணத்துப்பூச்சி முட்டை. மூணு நாலு நாள்ல புழு வரும், அச்சு அசல் குருவி எச்சம் மாதிரியே இருக்கும், பறவை ஏமாந்து விட்டுட்டுப் போகத்தான் அந்த வேஷம். வளர்ந்ததும் பச்சையாயிடும், அப்ப ஈர்க்குச்சியால ஒரே ஒரு தடவை லேசா தொட்டா தலைக்குப் பின்னாலேர்ந்து கவட்டை மாதிரி கொம்பு நீட்டி ஒரு நாத்தம் விடும் பாருங்க, உங்க பொண்ணு நோட்டைத் தானே தேடுவா. ரசத்துக்குக் கறிவேப்பிலை கடையிலதான் வாங்கணும், அதுக்கு நான் பொறுப்பில்ல.

வரைய வரலன்னா விடுங்க, புழு பக்கத்துல ஸ்கேலை வச்சு 'இன்னைக்கு 2 செ.மீ.'ன்னு எழுதட்டும், இலையைத் தாளுக்கு அடியில வச்சு க்ரேயானைப் படுக்கப் போட்டுத் தேய்க்கட்டும், நரம்பெல்லாம் அப்படியே வரும். தேதி, நேரம், வெயிலா மழையா, இது மட்டும் விடக்கூடாது. தெருமுனை சரக்கொன்றை போன வருஷத்தை விட முன்னாடி பூத்துச்சா பின்னாடியான்னு அப்பதான் சொல்ல முடியும். பேர் தெரியலன்னா கேள்விக்குறி போடட்டும், நீங்க உடனே போனைத் தூக்காதீங்க.

அப்புறம் செடிக்குப் பூச்சி மருந்து மட்டும் அடிச்சிடாதீங்க, புழுவைப் பாட்டில்ல போட்டு மூடவும் வேணாம். ஒருநாள் காலைல புழுவே இல்லாம போகலாம், குளவியோ குருவியோ தூக்கியிருக்கும், அழுதா அழட்டும், அப்புறமா தேதி போட்டு 'இன்னைக்குக் காணோம்'னு எழுதச் சொல்லுங்க.