ஃபிஜியில் 7 நாள்: ஒரே தீவில் அடைந்து கிடக்க வேண்டாம்

16 வயது மகளும் 13 வயது மகனும் "ஒரு வாரம் சின்னத் தீவில் என்ன செய்வது, வைஃபையும் சரியாக இருக்காதாமே" என்று முரண்டு பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஏழு நாளையும் ஒரே ரிசார்ட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

நான்கு இரவு யசாவா தீவுக்கூட்டத்தில், மீதியைப் பெரிய தீவான விட்டி லெவுவில் வையுங்கள். விட்டி லெவுவில் உள்ள டெனராவ் துறைமுகத்தில் காலையில் படகு ஏறினால் யசாவாவின் வடகோடிக்குப் போக நான்கு மணி நேரத்துக்கு மேலாகும். என் மகன் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறி, பாதி வழி பையும் கையுமாக உட்கார்ந்திருந்தான். வாந்தி மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

அங்கே சவா-இ-லாவ் குகையைத் தவறவிடாதீர்கள். முதல் குகையில் மேலிருந்து வெளிச்சம் விழும், நீந்தலாம். அடுத்த குகை இருட்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாறைக்கு அடியில் முங்கித்தான் போக வேண்டும். வழிகாட்டி டார்ச்சோடு முன்னே போவார். போக மாட்டேன் என்று முறைத்துக்கொண்டிருந்த என் மகள் அங்கே மூன்று முறை போய் வந்தாள்! மே முதல் அக்டோபருக்குள் போனால் மாண்டா திருக்கைகளோடும் நீந்தலாம்.

கிராமத்துக்குள் தொப்பி, கறுப்புக் கண்ணாடி கூடாது; தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். இதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சண்டை வேண்டாம்.

அப்புறம், நீங்கள் விமானத்தில் வந்து இறங்கும் ஊரின் பெயரை (Nadi) நாடி என்று படிக்காதீர்கள், நாண்டி. அங்கே கடைத்தெருக் கோடியில் முருகன் கோவில் இருக்கிறது. 1903 முதல் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாக வந்த தென்னிந்தியர்களின் கதையைப் பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்லலாம்.