18 வயதாகிறது என்று தரகரிடம் ஓடாதீர்கள்

கோத்தகிரி பக்கத்து எஸ்டேட் லயன் வீட்டிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகனுக்கு ஆட்டிசம். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. வரும் மாசியில் 18 முடிகிறது. '18 ஆனால் அட்டை செல்லாது, கார்டியன் பேப்பரும் வேண்டும், எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்' என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா? இனிமேல் அவனுக்கு ஏதாவது கற்றுத்தர முடியுமா?"

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் அம்மா.

அரசு மருத்துவக் குழு தரும் சான்றுக்கும், யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் கட்டணமே கிடையாது. பழைய அட்டையை எடுத்துப் பாருங்கள். செல்லுபடி தேதி போட்டிருந்தால் அதற்குள் புதுப்பித்துவிடுங்கள். செல்போனிலேயே விண்ணப்பிக்கலாம்.

இந்த மலையில் ஆட்டிசப் பிள்ளைகளோடு ஆய்வு வேலை என்று இருபது வருஷமாக அலைகிறேன். போன இடமெல்லாம் இந்தத் தரகர்கள்தான். முதலில் அசல் சான்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்புறம் "குறைபாடு 80 சதவீதம் என்று போட்டுத் தருகிறேன்" என்பார்கள். சதவீதம் விலைக்கு வாங்கும் சரக்கா? 40 கேள்விகள் கொண்ட அளவுகோலை வைத்து மருத்துவக் குழு கணிப்பது அது. பொய்ச் சான்றில் சலுகை வாங்கினால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டுமே. மாட்டுவது நீங்கள்தான். அடுத்து அந்தத் தரகரே, ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்று கோயம்புத்தூருக்குக் கூப்பிடுவார். போகாதீர்கள்.

தரகருக்குப் பாய் விரித்துக் கொடுத்தது நம் ஏற்பாடுதான். பனியில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, இரைச்சல் தாங்காத பிள்ளையை மூன்று மணி நேரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரவைத்தபின் "டாக்டர் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்றால் எந்தத் தாய்தான் கடன் வாங்க மாட்டாள்? மருத்துவக் குழு ஊர்களுக்கு வரட்டும் என்று எத்தனை முறை எழுதிக்கொடுத்துவிட்டேன்! ஆத்திரமாக வருகிறது.

கார்டியன், அதாவது காப்பாளர் விஷயத்தை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். 18 முடிந்தால் சட்டத்தின் கண்ணில் அவன் பெரியவன். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கும். பெற்றவர்களே மனு கொடுக்கலாம். ஆனால் ஆட்டிசம் என்றாலே காப்பாளர் வேண்டும் என்பதில்லை. கொஞ்சம் எடுத்துச் சொன்னால் தன் பணம் எது, எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று புரிந்துகொள்கிற பையனுக்குத் தேவையில்லை. பேசாத பிள்ளைக்குப் புரியாது என்றும் நினைக்காதீர்கள். அவன் பேரில் நிலமோ பணமோ இருந்து, உதவி செய்தும் முடிவெடுக்க முடியாதபோதுதான் அந்தப் பேச்சு. பக்கத்து வீட்டில் வாங்கினார்கள் என்று வாங்காதீர்கள். முதலில் அவனைக் கேளுங்கள்.

கற்றுத்தர முடியுமா என்றால், தாராளமாக. கூடலூர் பக்கம் ஒரு பையன், 19 வயது, பேச்சில்லை. அப்பா வேலை பார்க்கும் இலை எடை போடும் ஷெட்டுக்குத் தனியாகப் போக ஆசை. வீடு, பஸ் ஸ்டாப், பெரிய சில்வர் ஓக் மரம், ஷெட் என்று நான்கு படங்களை நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டினோம். சில்லறை தீப்பெட்டிக்குள். முதல் மாதம் பக்கத்தில் உட்கார்ந்து போனேன், அடுத்த மாதம் பின் சீட்டில், மூன்றாம் மாதம் கடைசி சீட்டில். நான்காம் மாதம் நான் ஏறவில்லை. இப்போது தராசில் கிலோவை அவன்தான் படித்து எழுதுகிறான். ஃபேக்டரி சங்கு ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு நிற்பான், ஓய்ந்ததும் தராசுக்குத் திரும்பிவிடுவான்.

உங்கள் மகன் காலையில் எழுந்ததும் எதைக் கையில் எடுக்கிறான், எங்கே போய் நிற்கிறான் என்று ஒரு வாரம் எழுதிவையுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.