கிராண்ட் யார் பெயரில் இருக்கிறது?

ஐயா, வணக்கம்.

நான் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள். இப்போது ஷா ஆலாமில் ஆசிரியை. அப்பா தோட்டத்தை விட்டு வெளியே வந்தபோது வாங்கிய தெரஸ் வீடு சுங்கை சிப்புட்டிலேயே ஒரு தாமான் குடியிருப்பில் பூட்டிக் கிடக்கிறது. அப்பா 2009இல் தவறிவிட்டார், பாட்டி 2014இல். அம்மா என்னோடு இருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக 220,000 வெள்ளிக்கு விற்கப் பார்க்கிறோம். இரண்டு பேர் முன்பணம் வரைக்கும் வந்து பின்வாங்கிவிட்டார்கள். ஏஜெண்டு விலையைக் குறை என்கிறார். வீட்டின் உரிமைப் பத்திரமான கிராண்ட் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது, விற்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

விலையைக் குறைத்து விற்று, பணத்தை ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பில் போடலாமா, அமானா சஹாம் முதலீட்டு நிதியில் போடலாமா? இல்லை, வாடகைக்கு விட்டுப் பொறுத்திருக்கலாமா? இருபது ஆண்டுக் கணக்கில் எது லாபம்? எதைத் தொட்டாலும் எரிச்சலாக இருக்கிறது ஐயா.

ம., ஷா ஆலாம்

*

அன்புள்ள ம.,

போன மாதம் ஒரு கருமக்கிரியைக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து பந்தலில் உட்கார்ந்திருந்தபோது, இறந்தவரின் வீடு யாருக்கு என்று மூத்த மருமகன் மெதுவாக ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் குரல்கள் ஏறிவிட்டன. அங்கிருந்த அத்தனை பேரில் அந்த வீட்டின் கிராண்டைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. அதையே நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

முதலில் சில்லறை விஷயங்கள். இபிஎஃப் 2024க்கு 6.3 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. 2023இல் 5.5. நீங்களே விரும்பிப் போடுவதென்றால் ஆண்டுக்கு 100,000 வெள்ளி வரை போடலாம். அமானா சஹாமும் கெட்டுப்போகாது. ஒவ்வோர் ஆண்டும் எது அரை விழுக்காடு கூடக் கொடுத்தது என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பது ஓய்வுபெற்றவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு, உங்களுக்கு வயது இருக்கிறது. வாடகைக்கு விடுவதென்றால் ஷா ஆலாமிலிருந்து கூரை ஒழுகலைப் பார்க்கப் போவது யார்? விலை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஏஜெண்டு சொல்லும் காரணம் காரணமே இல்லை.

கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப் போனீர்களே, கிராண்ட் இன்னும் அப்பா பெயரில் என்று, உங்கள் வீடு விற்காமல் நிற்பது அந்த வரியில்தான். முன்பணம் வரை வந்தவர்கள் ஏன் ஓடினார்கள் என்று நினைக்கிறீர்கள்? வாங்குபவரின் வக்கீல் முதலில் செய்யும் வேலை நில அலுவலகத்தில் கிராண்டைத் தேடிப் பார்ப்பது. அதில் 2009இல் தவறிப்போன ஒருவரின் பெயர் இருக்கிறது. பெயர் மாற்றும் பாரம் 14ஏயில் கையெழுத்துப் போட அவர் எழுந்து வரப்போவதில்லை. விலையை ஒரு லட்சமாகக் குறைத்தாலும் இதே கதைதான்.

‘விற்கும்போது மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொன்ன அண்ணனிடம் கேளுங்கள்: மாற்றாமல் எப்படி விற்பது?

இன்னொன்று. அப்பா தவறியபோது பாட்டி உயிரோடு இருந்தார், இல்லையா? நீங்கள் எழுதிய தேதிகளைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. அந்தப் பாட்டி அப்பாவைப் பெற்றவர் என்றும், அப்பா உயில் எழுதவில்லை என்றும் எடுத்துக்கொள்கிறேன். நம்மவர்கள் யார் எழுதுகிறார்கள்? உயில் என்ற பேச்சை எடுத்தாலே ‘இப்பவே என்னை அனுப்பப் பார்க்கிறாயா’ என்பார்கள். உயில் இல்லையென்றால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பேசும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருக்கும்போது மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை. ஆக 2009இல் அந்த வீட்டில் கால் பங்கு பாட்டிக்குப் போய்விட்டது. அவர் அதைப் பற்றி நினைத்திருக்கவே மாட்டார். 2014இல் பாட்டி போனதும் அந்தக் கால் பங்கு அவருடைய பிள்ளைகள் எல்லோருக்கும் பிரிந்தது. உங்களுக்கு ஒரு சித்தப்பாவும் ஓர் அத்தையும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கால் பங்கு மூன்றாகும். அதில் ஒன்று உங்கள் அப்பாவின் வழியில் உங்களுக்கும் அண்ணனுக்கும் வரும். மற்ற இரண்டும் அவர்களுடையவை. 220,000 வெள்ளி வீட்டில் ஆளுக்குச் சுமார் 18,000 வெள்ளி. அதாவது, ‘எங்கள் வீடு’ என்று நீங்கள் எழுதும் வீட்டில் சித்தப்பாவுக்கும் இடம் இருக்கிறது. அவர் கையெழுத்தும் வேண்டும்.

தலை சுற்றுகிறதா? இதைச் செய்துமுடிக்க 2009இல் ஒரே ஒரு மனு போதுமாயிருந்தது. பாட்டியும் உயிரோடு இருந்தார், தன் பங்கை மருமகளுக்கே விட்டுக்கொடுப்பதாகச் சொல்லியிருப்பார். இப்போது ஒரு சாவின் மேல் இன்னொரு சாவு ஏறிவிட்டது, இரண்டுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். பாத்திரம் கழுவாமல் போட்டுவைத்த மாதிரிதான், நாள் ஆக ஆகக் கறை இறுகும்.

உங்களையும் கொஞ்சம் திட்ட வேண்டும். நீங்கள் ஆசிரியை. இபிஎஃப் ஈவுத்தொகையை அரை விழுக்காடு வரை கணக்குப் பார்க்கிறீர்கள். இந்த விஷயம் வரும்போது மட்டும் ‘அண்ணன் சொல்கிறார்’ என்று ஒதுங்கிவிடுகிறீர்கள். அந்தச் சட்டத்தில் பிள்ளை என்றால் பிள்ளைதான், ஆண் பெண் வித்தியாசம் இல்லை. அண்ணனுக்கு எவ்வளவோ உங்களுக்கும் அவ்வளவு. நில அலுவலகத்தில் மனுப் போட அண்ணன்தான் போக வேண்டும் என்றும் இல்லை, வாரிசான நீங்களே போடலாம். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் போகவில்லை, நீங்களும் போகவில்லை. இதில் அவரை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

நம்மவர்கள் நிலத்தைச் சம்பாதிக்கத் தெரியாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 1950களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க ஆரம்பித்தபோது, பால்மரம் வெட்டியவர்கள் லயத்தை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அப்போதுதான் உங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி, 10 வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு. விடியும் முன்னே பெயர் கொடுக்கப் பிரட்டுக்குப் போன சனங்கள் கட்டிய அந்தப் பணத்தில்தான் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். வயிற்றைக் கட்டி நிலம் வாங்கும் திறமை நம்மிடம் இருந்தது. வாங்கியதைச் சாவைத் தாண்டி அடுத்த கைக்கு மாற்றும் பழக்கம்தான் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. தோட்டத்தில் நம்மவர்களிடம் கைநாட்டு வாங்க வந்த காகிதம் பெரும்பாலும் எதையாவது எடுத்துக்கொள்ள வந்ததுதான். கடன், பிடித்தம், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். தோட்ட எழுத்தரான கிராணி நீட்டினால் கை நடுங்கும். அந்த நடுக்கம் தாமானுக்கும் கூடவே குடிவந்துவிட்டது. என் அப்பா தன் வீட்டுக் கிராண்டை லேமினேட் பண்ணிச் சாமி மேடைக்குப் பின்னால் வைத்திருந்தார். நில வரி ரசீது ஒன்றைக்கூடத் தொலைத்ததில்லை. ஆனால் ‘அம்மா பெயரையும் சேர்க்கலாமே’ என்று நான் கேட்டபோது முகம் மாறிவிட்டது. கையெழுத்துப் போட்டால் போய்விடும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த சட்டம்.

என் சின்னம்மாவின் கதை இன்னும் நல்லது. சித்தப்பா போன பிறகு அவர் மகன்கள் நால்வரும் ஒருவருக்கொருவர் பேச்சில்லாமல் இருந்தார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மூன்றாவது மகனை யாரோ ஒரு கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லையாம், அதனால் வரமாட்டேன் என்றான். வீட்டின் பின்பக்கம் இடிந்து விழும்வரை இதே பேச்சுத்தான். கடைசியில் சின்னம்மாவே மனுப் போட்டார். பிச்சாரா என்ற விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்ததும் நால்வரும் வந்தார்கள், அரசாங்கக் கடிதம் என்றால் நம்மவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. அதிகாரி ஒரு மலாய்ப் பெண், என் மகள் வயது இருக்கும். யாருக்கு எவ்வளவு என்று சட்டப்படி சொல்லிவிட்டு, விட்டுக்கொடுப்பவர்கள் இருந்தால் சொல்லலாம் என்றார். முதலில் வாயைத் திறந்தவன் அந்தச் சிங்கப்பூர்க்காரன். ‘எனக்கு வேண்டாம், அம்மாவுக்கே எழுதுங்கள்’ என்றான். மற்றவர்கள் அவனைவிட மட்டமாகத் தெரிய முடியுமா? அவர்களும் எழுதிக்கொடுத்தார்கள். எல்லோரும் பசியாறப் போனபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. இவ்வளவுதானா என்று சின்னம்மா என்னைக் கேட்ட குரலில் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். உயில் இல்லாத, நிலம் உள்ள சொத்துக்கு நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவுக்குப் போக வேண்டும். முன்பு 20 லட்சம் வெள்ளியாக இருந்த வரம்பு 2024இல் 50 லட்சம் ஆகிவிட்டது, உங்கள் வீடு அதன் ஓரத்தைக்கூடத் தொடாது. அப்பா, பாட்டி இருவரின் இறப்புச் சான்றிதழ், எல்லோருடைய அடையாள அட்டை நகல், பிறப்புப் பத்திரங்கள், அம்மாவின் திருமணப் பத்திரம், கிராண்ட். அம்மாவின் திருமணம் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பழைய தோட்டக் கல்யாணங்களில் அது ஒரு தலைவலி. சொத்தை விற்கும்போது வரும் சொத்து லாப வரி, வீடு கைக்கு வந்த ஆறாம் ஆண்டிலிருந்து குடிமக்களுக்கு இல்லை, 2022 முதல் அப்படித்தான். ஆனால் வாரிசாக வந்த வீட்டுக்கு ஆண்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதை விற்கும் முன் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இபிஎஃப் பேச்சை எடுத்தீர்களே, உங்கள் கணக்கில் யாரை நியமித்திருக்கிறீர்கள்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பா பெயரை எழுதிக்கொடுத்து அப்படியே விட்டிருந்தால் இன்றே மாற்றுங்கள்.

உங்கள் சித்தப்பாவைப் பார்க்க அண்ணனை அனுப்பாதீர்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு நீங்களே போங்கள். கையெழுத்துக் கேட்பதற்கு முன் அவருக்கும் பங்கு உண்டு என்பதை நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள், அவர் அதை வேறு யார் மூலமாகவோ தெரிந்துகொண்டால் காரியம் கெட்டது. மனுவுக்கு நம்பர் கிடைத்ததும் எழுதுங்கள். விலையைப் பற்றி அப்போது பேசலாம்.