ஆயுராரோக்ய ஸௌக்யத்தை வகுத்தால் என்ன வரும்? (கேள்வி பதில்)

மாஷே, குருவாயூரப்பனைப் பாடும் சமஸ்கிருத நூலான நாராயணீயம் முடிகிற 'ஆயுராரோக்ய ஸௌக்யம்' என்ற வார்த்தைகளே ஒரு பெரிய எண் என்கிறார்களே, எப்படி?
(வாசகி, கொழிஞ்சாம்பாறை)

எழுத்துகளால் எண்களைக் குறிக்கும் பழைய கடபயாதி முறைதான். ஒவ்வொரு மெய்க்கும் ஒரு மதிப்பு: ய 1, ர 2, ஸ 7. தனித்து வரும் உயிருக்கு 0. கூட்டெழுத்தில் கடைசி மெய் மட்டும் கணக்கில் சேரும். அதனால் 'க்ய' என்றால் 1. கடைசியில் நிற்கும் 'ம்'முக்கு மதிப்பில்லை. ஆ-யு-ரா-ரோ-க்ய-ஸௌ-க்யம் என்று வைத்தால் 0122171. இதை வலமிருந்து படியுங்கள்: 17,12,210. மேல்பத்தூர் நாராயண பட்டதிரி 1586-இல் குருவாயூரில் நூலை முடித்தபோது கலியுகம் பிறந்து அத்தனை நாள் ஆகியிருந்தது. 365¼-ஆல் வகுத்தால் 4,687 ஆண்டும் சொச்சமும். கலியுகம் பிறந்ததாகச் சொல்லும் கி.மு. 3102-லிருந்து எண்ணிப் பாருங்கள், சரியாக வந்து நிற்கும்.

கால்குலேட்டர் இல்லாமல் இதன் பகாக் காரணிகளைக் கண்டுபிடிக்க முடியுமா?
(பிளஸ் டூ மாணவன், வேலந்தாவளம்)

முடியும் தம்பி, பொறுமைதான் வேண்டும். கடைசியில் 0 இருப்பதால் 2, 5 இரண்டும் உடனே கழன்றுவிடும். மிச்சம் 1,71,221. இலக்கங்களின் கூட்டல் 14, ஆகவே 3-ஆல் போகாது. 7-க்கு 1 மீதி. 11-க்கு ஒன்றுவிட்டு ஒன்று கூட்டு: 1+1+2=4, 7+2+1=10; வித்தியாசம் 6, அதுவும் போகாது. அப்புறம் 13, 17, 19 என்று போட்டுக்கொண்டே போனால், 43-க்கு 38 மீதி வந்து, இதுவே பகா எண்தானோ என்று சலிக்கிற நேரத்தில் 47 மீதியில்லாமல் போகும்: 47 × 3,643. இல்லையென்றால் 413 வரை பார்த்திருக்க வேண்டும், தப்பித்தோம். 3,643-இன் வர்க்கமூலம் 60-க்குச் சற்று மேல். 59 வரை எதுவும் வகுக்கவில்லை. அது பகா எண்.

17,12,210 = 2 × 5 × 47 × 3,643. வகுத்திகள் 16.

இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாமா?
(ஆசிரியை, சித்தூர்)

முடியாது டீச்சர், தேடவே வேண்டாம். 4-ஆல் வகுத்தால் 3 மீதி வருகிற பகா எண் எதுவும், காரணிகளில் ஒற்றைப்படைத் தடவை வரக்கூடாது. 47 அப்படிப்பட்ட எண், ஒரே தடவை வருகிறது. 3,643-உம் அதே ஜாதி. மூன்று வர்க்கம் என்றால் தாராளமாக முடியும்: 1,308² + 35² + 11². எனக்கு இந்த எண்ணில் மிகவும் பிடித்தது இதுதான்.

பகா எண் வரும் லாட்டரிச் சீட்டுக்குப் பரிசு விழும் என்கிறார்கள், நிஜமா?
(எல்லையிலுள்ள கோபாலபுரம் வழியாகக் கேரளத்துக்கு வந்து வாங்கும் பொள்ளாச்சிக்காரர்)

இல்லை அண்ணே. ஆறு இலக்க எண்கள் 9 லட்சம். அவற்றில் பகா எண்கள் 68,906. பதிமூன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கலுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. இன்னொன்று, 347347 மாதிரி திரும்ப வரும் எண்ணைத் தேடிப்பிடித்து வாங்கினால் அது ஒருநாளும் பகா எண் ஆகாது. 1,001-ஆல் போகும், 1,001 என்பது 7 × 11 × 13.